டூல் பெட்டியில் கிடந்த பைப்புத் துண்டு

எண்பதுகளில் சித்தூரில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிக்கப் லாரி வந்தது. வெளிநாட்டுச் சபையார் தானமாக அனுப்பியது, ஸ்டியரிங் இடது பக்கம். டிரைவரும் நான்தான், மெக்கானிக்கும் நான்தான். வந்த ஞாயிற்றுக்கிழமையே அதைக் கோயில் வாசலில் நிறுத்தி, பாஸ்டர் கை வைத்து ஜெபித்து, கர்த்தருக்குப் பிரதிஷ்டை செய்தார். எங்கள் சபையில் இது விளையாட்டில்லை. பிரதிஷ்டையான ஒரு பெஞ்சின் காலை அறுக்க வேண்டுமென்றாலும் கமிட்டியின் தீர்மானம் வேண்டும்.

வாரம் ஒரு நாள் நர்ஸம்மாவையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு புத்தலப்பட்டுக்கு உள்ளே இருந்த ஊர்களுக்குப் போவேன். வழியில் ஒரு மணல் ஓடை. அதற்காகவே வண்டியில் முன் சக்கரங்களும் இழுக்கிற வசதி இருந்தது. சின்ன லீவரைப் போட்டால், எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பு ரப்பர் குழாய் வழியாக முன் அச்சில் இருந்த ஒரு தகரக் குப்பிக்குப் போகும். குப்பி, காலர் என்கிற இரும்பு வளையத்தைத் தள்ளும். இரண்டு துண்டாக இருக்கும் அச்சுத்தண்டை அந்தக் காலர் ஒன்றாக்கும். காலர் நகரவில்லையென்றால் முன் சக்கரம் இரண்டும் தண்டம். குளிர் தேசத்து ரப்பர் எங்கள் வெயிலில் ஒரு வருஷம் தாங்கவில்லை. குழாய் வெடித்தது, குப்பிக்குள் இருந்த சவ்வும் கிழிந்தது. சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை திருப்பதிக்குப் போனபோது, அங்கே லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தக் குப்பிய கழட்டி வீசுப்பா. காலர உள்ள தள்ளிட்டு, திரும்பி வராத மாதிரி ஒரு பைப்புத் துண்டு சொருவிடு. அச்சு எப்பவும் சும்மா சுத்திக்கினு இருக்கும், கொஞ்சம் பெட்ரோல் கூட துன்னும். அவ்ளோதான். அரை மணி வேல."

அளவெடுத்து, இரண்டு விரல் நீளத்தில் ஒரு துண்டை அங்கேயே கடைந்து கொடுத்தார். மாட்டியிருக்கலாம். மாட்டாமல் சித்தூருக்குக் கொண்டுவந்து கமிட்டி முன் வைத்தேன். செயலாளர் ஓய்வு பெற்ற வாத்தியார். துண்டைத் தொடக்கூட இல்லை.

"பிரதிஷ்டை பண்ண வண்டிக்குள்ள இத சொருவுறதா? அனுப்சவங்களுக்கு லெட்டர் போட்டுக்கீறோம். ஒரிஜினல் வரும். அதுவரைக்கும் ஜாக்கிரதையா ஓட்டு."

மணலில் ஜாக்கிரதையாக ஓட்டுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "சரிங்க ஐயா" என்றேன். துண்டை டூல் பெட்டியில் போட்டேன். நான்கு மாதம் அது அங்கே கிடந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில்தான் என் தங்கச்சியைக் கொடுத்திருந்தோம். அந்த நான்காம் மாதம் ஒரு நாள் அவள் ஊரில்தான் மருத்துவ முகாம். மதியம் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவளை நல்ல பாம்பு கடித்துவிட்டது. அவள் புருஷன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். விஷமுறிவு ஊசி நர்ஸம்மாவிடம் இல்லை, சித்தூரில் இருந்தது. முக்கால் மணி நேர ஓட்டம். வண்டி வாசலிலேயே நிற்கிறதே, பிழைத்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

காலையில் காய்ந்து கிடந்த ஓடையில் இப்போது கணுக்கால் அளவு தண்ணீர். எங்கோ மேலே மழை. லீவரைப் போட்டு இறங்கினேன். நடு ஓடையில் பின் சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கின. குதித்துப் பார்த்தேன். முன் சக்கரங்கள் அசையவே இல்லை. ஒட்டுப்போட்ட ட்யூப் பிய்ந்து தொங்கியது.

"அண்ணா, கண்ணு தொறக்க முடியலண்ணா" என்றாள் தங்கச்சி. வார்த்தை குழறியது.

அவள் படுத்திருந்த சீட்டுக்குக் கீழேதான் டூல் பெட்டி. முன் பக்க மணலைக் கையால் வாரி, படுத்து, அந்தத் துண்டைச் சொருகியிருந்தால் ஒரு மணி நேரத்தில் கரையேறியிருக்கலாம். இது அப்போதே என் மனதில் ஓடியது. கூடவே இன்னொன்றும் ஓடியது. கமிட்டி வேண்டாமென்றதே, வேலை போய்விடுமே. இதை எழுதும்போது என்னையே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது. தங்கச்சி மூச்சுக்குத் தவிக்கிறாள், நான் தீர்மானத்தை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். மாடு கட்டி இழுத்துவிடலாம் என்று யாரோ சொன்னதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. முடிவெடுக்கும் வேலை என்னிடமிருந்து போய்விட்டது அல்லவா.

மாடுகள் வந்து வண்டி கரையேற இரண்டு மணி நேரம் ஆனது. புத்தலப்பட்டு ரோட்டைத் தொடும் முன்பே அவள் மூச்சு நின்றுவிட்டது. நர்ஸம்மா என் தோளைத் தட்டி, மெதுவாகப் போ என்றார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கமிட்டி தானாகவே கூடி, துண்டைச் சொருகலாம் என்று தீர்மானம் போட்டது. செயலாளர் என் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினார். ஆஸ்பத்திரி ஷெட்டில் படுத்துக் குப்பியைக் கழற்றி, காலரைத் தள்ளி, துண்டைச் சொருகி, மூடியைப் போட்டு முடுக்கினேன். லேத்துக்காரர் சொன்னது சரிதான். அரை மணிகூட ஆகவில்லை.

அடுத்த வாரம் அதே ஓடை, அதே தண்ணீர். வண்டி ஒரு திணறல் இல்லாமல் ஏறிப் போனது. கரையில் தங்கச்சி புருஷன் நின்றுகொண்டிருந்தான். மழிக்காத தாடி. கிட்டே வந்து முன் சக்கரத்தைப் பார்த்தான்.

"இன்னா மச்சான் பண்ண? இன்னிக்கு மட்டும் எப்டி ஏறுச்சு?"

"ஒரு பைப்புத் துண்டு போட்டேன். நிரந்தரமா லாக் பண்ணியாச்சு."

"அது அப்பவே கெடச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். பிறகு கேட்டான். "எப்ப கெடச்சுது?"

"இந்த வாரம்தான்" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, "உன் மேல தப்பு இல்ல மச்சான்" என்றான்.