உயிரோடிருப்பவருக்கு ஒரு குஞ்சம்

குன்றக்குடி மலையைப் பார்த்துக் கையடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பருத்திக் கயிற்றை ஊசியும் தறியும் இல்லாமல் விரலாலேயே முடிச்சுப் போட்டுப் பின்னும் வேலைக்கு மேக்ரமே என்று பெயர், நான் அதில் படத்துக்குச் சட்டம் கட்டுகிறேன்; ஓய்வுபெற்ற மனிதனை வீட்டில் யாரும் மதிக்காமல் செய்ய இதைவிட நல்ல தொழில் கிடையாது. வீட்டில் கைவேலை செய்து பேச்சு வாங்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தார்ப்பாய் முடிச்சு

முப்பது வருஷம் லாரி ஓட்டி, தார்ப்பாய் கட்டிப் பழகிய கை என்னுடையது. முதல் பிரேமை எங்கள் கல்யாணப் படத்துக்குத்தான் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சையும் காலால் உதைத்து இறுக்கினேன். மறுநாள் காலையில் பார்த்தால், படத்தில் இருந்த எனக்கு இடுப்பு இரண்டு அங்குலம் இளைத்திருந்தது. நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து அளந்து பார்க்கலாம். என் மனைவி காமாட்சி பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"லோடா ஏத்துறீக? படத்துல இருக்கிற ஆளுக்கு மூச்சு முட்டுது, தளத்துங்க."

இறங்கி வந்த முருகன்

தளர்த்தினேன். அடுத்த தெரு டெய்லர் வீட்டு முருகன் படத்துக்கு அப்படித்தான் கட்டிக் கொடுத்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் கயிறு ஈரம் குடித்து நீள ஆரம்பித்தது. நிலைக்கு மேலே இருந்த முருகன் சுவிட்ச் போர்டுக்கு வந்து, அங்கிருந்து தையல் மிஷின் உயரத்துக்கு வந்து சேர்ந்தார். டெய்லர் படத்தை உருவிக்கொண்டு பிரேமை என் கையில் கொடுத்தார்.

"போன வாரம் நிமிந்து கும்பிட்டோம், இந்த வாரம் குனிஞ்சு கும்பிடுறோம். அடுத்த வாரம் பள்ளம் தோண்டணுமாண்ணே?"

அது திரும்பி வந்த நாலாவது பிரேம். வீடு நிறையக் கயிற்று உருண்டை. காமாட்சி கொல்லையில் இரண்டு கம்பை நட்டுவிட்டு வந்து நின்றாள்.

"இன்னும் ஒண்ணு திரும்பி வந்துச்சுன்னா, அம்புட்டுக் கயிறும் துணி காயப்போடுற கொடிதான்."

ஆச்சியின் ஆர்டர்

அந்த வாரமே பெரிய வீட்டு மீனாட்சி ஆச்சி கூப்பிட்டனுப்பினார். வீட்டுக்காரருக்கு எழுபது நிறைகிறது, விருந்துக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் அவருடைய படத்துக்கு ஒரு பிரேம் வேண்டும். வெள்ளைக் கயிறு, இரண்டு பக்கமும் நீளக் குஞ்சம். என் விரல்களின் மானமே அதில்தான் இருந்தது. ஐந்து நாள் உட்கார்ந்து கட்டினேன். குஞ்சத்தைக் காமாட்சியின் பேன் சீப்பால் வாரி, பூ மாதிரி பொங்க வைத்தேன்.

எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்ட மாட்டார்கள். உயரத்தில் ஏற்றி முன்பக்கம் சாய்த்துத்தான் மாட்டுவார்கள். நான் அதை மறந்துபோனேன். சாய்த்ததும் குஞ்சம் இரண்டும் சுவரை விட்டு விலகி, முன்னால் வந்து தொங்கின. ஆச்சி மூக்குக்கண்ணாடி போடாமல் அண்ணாந்து பார்த்தார்.

"பாந்தமா இருக்குண்ணே. இவுக முகத்துக்கே ஒரு அமைதி வந்துருச்சு."

சொல்லாமல் போனவர்கள்

விருந்தன்று காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டூலோடு போய் உள்கட்டுத் தூண் ஓரமாக நின்றேன். முதலில் தேவகோட்டை உறவுக்காரர் லட்டுத் தட்டோடு வந்தார். வாசலில் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், செருப்பைக் கழற்றினார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "தங்கமான மனுசன், ஒருத்தரைச் சுடுசொல் சொன்னதில்லை" என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டு, காப்பியும் குடிக்காமல், "போயிட்டு வாரேன்" என்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது ஆளும் சொல்லாமல் போனபோது ஆச்சி உள்ளே போய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கழட்டுங்கண்ணே அந்த மாலையை."

என் கண்ணில் கொல்லைக் கம்பு இரண்டும் தெரிந்தன. ஸ்டூலைத் தூக்கினேன். தூணுக்குப் பின்னால் இருந்து ஒரு கை நீண்டு என் துண்டைப் பிடித்தது. படத்துக்குச் சொந்தக்காரர், புது வேட்டியோடு, அங்கேதான் உட்கார்ந்து அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பேசாம இருங்க. எழுவது வருசத்துல இன்னைக்குத்தான் என்னையப் பத்தி நல்ல வார்த்தை காதுல விழுது. பத்து மணி பஸ்ஸுக்கு வர்ற ஆளுக பாக்கி இருக்காக."

வெறும் கை

பஸ்ஸில் வந்தவர்கள் கருமாதிச் சாப்பாடு என்று நினைத்து உட்கார்ந்த பந்தியில் அவரே வந்து நின்று "இன்னொரு வடை வைங்க" என்றதும் மூன்று இலையில் பாயசம் தானாகத் தளும்பியது. பிரேம் மட்டும் இறங்கவில்லை. குஞ்சத்தை மாட்டிக் கழற்றக் கொக்கி வைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை பிரேம் திரும்பாமல் வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன். நடந்ததைக் கேட்ட காமாட்சி கம்பு இரண்டையும் பிடுங்கிப் போட்டாள்.

"ஆக, ஆளைச் சாகடிச்சாத்தான் உங்க வேலை சுவத்துல நிக்கும்கிறீக."

பிரேம் கட்டுமுன் படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் முதல் முடிச்சு. ஆனால் இதைச் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், வேண்டாத உறவு வரும் நாளில் ஆச்சியின் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் தன் படத்தில் அந்தக் குஞ்சத்தை மாட்டிக்கொள்வது ஆச்சிக்கு இன்னும் தெரியாது.