எந்த ஊர் என்று செல்லப்பாண்டி சொல்லட்டும்

முப்பத்தெட்டு வயதுவரை செல்லப்பாண்டி தங்கியதிலேயே பெரிய ஊர் மதுரை. அதுவும் பதினோரு நாள்தான். அக்காவின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயை விரித்துக் கிடந்த நாட்கள் அவை. மற்றபடி பிறந்தது பூம்பாறை, பிழைத்தது கொடைக்கானல். வீட்டுப் பூண்டுக் காட்டை அண்ணன் ஞானவேல் பார்த்துக்கொண்டதால் இவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். சுற்றுலா வேன். ஏரிப் பக்கத்து ஸ்டாண்டில் பதினாறு வருஷம். மூடுபனியில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு தெரியாவிட்டாலும் அடுத்த வளைவு எங்கே என்று அவன் கைக்குத் தெரியும்.

மனைவி தேவசேனா பழனிக்காரி. கொடைக்கானலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருஷமாக டியூட்டி முடிந்து வந்து, மகள் ஸ்வேதாவைப் படிக்க வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தவள். பரீட்சை எழுதினாள், சான்றிதழ்களை அனுப்பினாள், காத்திருந்தாள். பங்குனி மாதம் ஒரு மத்தியானம், யூனிஃபார்ம் மேல் ஸ்வெட்டரோடு வேன் ஸ்டாண்டுக்கே நடந்து வந்து, கனடாவில் குடியேற அனுமதி வந்துவிட்டது என்று சொன்னாள். மூன்று பேருக்கும்.

பக்கத்து வண்டிக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். டீயைக் குடித்துக்கொண்டே தேவசேனா இன்னொன்றும் சொன்னாள். அந்த நாட்டில் இன்ன ஊரில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையாம். நாமேதான் ஒரு ஊரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

“எனக்கு எந்த ஊருன்னாலும் வேலை ஒண்ணுதாங்க. எங்க போனாலும் ஊசிதான் போடப்போறேன். நீங்கதான் எல்லாத்தையும் புதுசா ஆரம்பிக்கணும். அதனால ஊர நீங்களே சொல்லுங்க.”

பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் செல்லப்பாண்டி நினைத்தான். மூன்று நாள் கழித்து, “என்னங்க, யோசிச்சீங்களா?” என்று கேட்டபோதுதான் அவள் நிஜமாகவே சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

மாமனார் திருமலைச்சாமிக்கு இதில் யோசிக்க எதுவுமே இல்லை. பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். சேதி கேட்டதும் ஒரு பை நிறைய ஆயக்குடிக் கொய்யாவோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அவருடைய மகன் சண்முகராஜ் டொராண்டோவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறான். அண்ணன் இருக்கிற ஊருக்குத் தங்கச்சி போகிறாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே சண்முகராஜும் போனில் வந்தான். வீட்டின் கீழ்த்தளத்தைக் காலி செய்து வெள்ளையடித்தாயிற்று என்றான். நடக்கிற தூரத்தில் கோயில், இட்லிக்கடை, ஸ்வேதாவுக்குத் தமிழ் வகுப்பு, எல்லாம் இருக்கிறது என்றான்.

“எனக்கு அங்க என்ன வேலை கெடைக்கும் மச்சான்?” என்று செல்லப்பாண்டி கேட்டான்.

“எங்க குடோன்லயே சொல்லி வச்சிருக்கேன் மாப்ள. ரெண்டு மூணு வருசம் பெட்டி எறக்குங்க. அப்புறம் பாத்துக்கலாம்.”

அன்போடுதான் சொன்னான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ‘அப்புறம்’ செல்லப்பாண்டியின் காதிலேயே நின்றுகொண்டது. சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

சீசன் அவனுக்கு வேறொரு விதத்தில் உதவியது. சித்திரை, வைகாசியில் எந்தத் தேசத்துத் தமிழனும் கொடைக்கானலுக்கு வந்துவிடுவான். கனடாவிலிருந்து யாராவது வந்திருந்தால் அந்த டிரிப்பைத் தனக்குக் கொடுக்கும்படி ஸ்டாண்டில் சொல்லி வைத்தான். ஏறியதுமே விசாரிக்க மாட்டான். தூண்பாறை, பைன் காடு எல்லாம் காட்டிவிட்டு, பூம்பாறைப் பாதையில் படிப்படியான பூண்டுக் காடுகள் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, அவர்கள் போட்டோ எடுத்து முடித்து, சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில்தான் மெதுவாகக் கேட்பான். உங்கள் ஊர் எப்படி என்று கேட்டால் எல்லாரும் நல்ல ஊர் என்றுதான் சொல்கிறார்கள் என்பதை இரண்டு டிரிப்பிலேயே கண்டுகொண்டான். அதனால் கேள்வியை மாற்றினான். லீவு நாளில் என்ன செய்வீர்கள்?

டொராண்டோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியும் இந்தக் கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு வந்து நாலு மாதம் ஆகிறதாம். வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமாம். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரில் இருக்கிற மாதிரியே இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். பொய் சொல்லவில்லை, முகம் மலர்ந்துதான் சொன்னாள்.

வான்கூவரிலிருந்து வந்த இளம் ஜோடி, மலைக்காரரான உங்களுக்கென்றே செய்து வைத்த ஊர் அது என்றார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலையாம். லீவு நாளில் விற்பனைக்கு வந்திருக்கிற வீடுகளைப் போய்ச் சுற்றிப் பார்ப்பார்களாம். வாங்கவா என்று கேட்டான். இல்லை, சும்மா பார்க்கத்தான் என்று சிரித்தார்கள். மலை என்றதும் அவனுக்கு முதலில் ஆசையாகத்தான் இருந்தது. மறுநாள் வெள்ளனே பெருமாள்மலை இறக்கத்தில் இரண்டாவது கியரில் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறபோது இடது முட்டி வழக்கம்போல வலித்தது. மலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு மலை அழகு. பதினாறு வருஷம் அதில் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தவனுக்குக் கொஞ்சம் நேரான ரோடு கிடைத்தால் தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது.

மாண்ட்ரியல் என்று ஒருவர் சொன்னார். அங்கே பிரெஞ்சும் படிக்க வேண்டும் என்றதும் அந்த ஊரை அங்கேயே விட்டுவிட்டான். இங்கிலீஷையே அவன் சுற்றுலாப் பயணிகளிடம் பேசிப் பேசித் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருந்தான்.

சீசன் முடிகிற தறுவாயில் மணிமேகலை என்ற அம்மாள் தனியாக வந்து ஒரு நாள் வாடகைக்கு வேன் கேட்டார். ஐம்பதைத் தாண்டிய வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பத்துப் பெண். இருபது வருஷமாக எட்மண்டனில் இருக்கிறார். மன்னவனூரில் இருக்கிற தங்கையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றார். ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று செல்லப்பாண்டி கேட்டதற்கு, பின்னால் தங்கை வீட்டு ஜனம் மொத்தமும் ஏறும் என்றார். ஏறவும் செய்தது.

திரும்பி வருகிற வழியில் எட்மண்டன் எப்படிப்பட்ட ஊர் என்று அவனே கேட்டுவிட்டான். அவர் நல்லதைச் சொல்லவில்லை.

“குளிருன்னா இங்க நீங்க பாக்குற குளிரில்ல தம்பி. மூக்குக்குள்ள இருக்குற மயிரு வெறைக்கும். மார்கழியில நாலரைக்கெல்லாம் இருட்டிப்போகும். ராத்திரி காரக் கரண்டுல சொருகி வைக்கணும், இல்லாட்டி காலையில இன்ஜின் கெளம்பாது. மொத வருசம் நான் ஜன்னலுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு அழுதேன். கதைக்கக்கூட ஆளில்ல.”

வண்டியைக் கரண்டில் சொருகுகிற சேதியை அவன் விவரமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, அப்படியானால் ஏன் இருபது வருஷம் அங்கேயே இருக்கிறீர்கள் என்றான். வாடகை கட்டுப்படியாகிறது, வேலைக்கு இருபது நிமிஷத்தில் போய்விடலாம், லீவு நாளில் ஆற்றங்கரைக் காட்டில் நடப்பேன் என்றார். அதற்குள் போரடித்தவர் போல, நீங்கள் என்ன வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டார். குடோனில் பெட்டி இறக்குவதைப் பற்றி அவன் சொன்னான்.

“ஏன்? நல்லாத்தானே ஓட்டுறீங்க. எங்க ஊருல டவுன் பஸ்ஸுக்கு ஆள் எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. மொதல்ல கார் லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச நாள் ஓட்டுங்க. அப்புறம் பஸ் ஓட்ட அவங்களே சம்பளம் குடுத்துச் சொல்லிக் குடுப்பாங்க. எங்க பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் அப்படித்தான் சேந்தாரு.”

“ரோடு எப்படிக்கா? ஏத்தம் எறக்கம் உண்டா?”

“ஆத்துக்குள்ள எறங்கி ஏறுற எடம் மட்டுந்தான். மத்ததெல்லாம் தட்டு மாதிரி கெடக்கும்.”

அவரை விடுதியில் இறக்கிவிட்டுப் போன் நம்பரை வாங்கிக்கொண்டான். வேனைக் கழுவும்போது ஒரே கண்ணாடியை மூன்று தடவை துடைத்தான்.

மறுநாள் காலையில் தேவசேனா டிபன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, எட்மண்டன் என்றான். ஏன் என்று ஒரு தடவைதான் கேட்டாள். அங்கே போனால் வண்டி ஓட்டலாம் போலிருக்கிறது என்றான். குளிர், இருட்டு, நம் ஆட்கள் குறைவு என்று மணிமேகலை சொன்னதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னான். அண்ணன் வீட்டை விட்டுவிட்டு வேறு ஊர் போவது அவளுக்கு வருத்தமாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து, அதற்குச் சமாதானமும் யோசித்து வைத்திருந்தான்.

தேவசேனா டிபன் பெட்டியை மூடிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை.

“எங்க அண்ணன் தங்கமானவருதாங்க. ஆனா அவரு வீட்டுல இருந்தா நான் இன்னமும் தங்கச்சிதான். எத்தன மணிக்கு வந்த, எங்க போனன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. அண்ணியும் எத்தன நாளைக்குப் பொறுத்துக்குவாங்க? இத நான் எப்படி எங்கப்பாகிட்ட சொல்றது?”

அப்போதுதான் செல்லப்பாண்டிக்கு விஷயம் விளங்கியது. ஊரை நீங்கள் சொல்லுங்கள் என்று அவள் விட்டுக்கொடுத்ததில் பாதி அவனுக்காக, பாதி தனக்காக.

“நான் டொராண்டோன்னு சொல்லியிருந்தா?” என்றான்.

“போயிருப்பேன். வேற என்ன செய்ய.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, இரண்டு மாதம் இவள் வாயைத் திறக்காமல் இருந்ததை நினைத்துக் கொஞ்சம் கோபமும் வந்தது. இனிமேல் இப்படிச் செய்யாதே என்று மட்டும் சொன்னான். சரி என்றாள்.

மாமனாரிடம் அவனே பழனிக்குப் போய்ச் சொன்னான். திருமலைச்சாமி விபூதிப் பொட்டலம் கட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். கூடப் பிறந்தவன் இருக்கும்போது அநாதை மாதிரி வேறு ஊரில் போய் இறங்குவானேன் என்றார். இரண்டு வாரம் பேசவில்லை. சண்முகராஜ்தான் முதலில் இறங்கி வந்தான். வண்டி ஓட்டப் போகிறார் என்றால் நல்லதுதான், நான் எத்தனை வருஷம் அந்தக் குடோனில் கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும் என்று அப்பாவிடம் அவனே சொன்னானாம். அந்தப் பேச்சு செல்லப்பாண்டியின் காதுக்கு வந்தபோது மச்சான்மேல் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

புரட்டாசியில் போய் இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு மணிமேகலை வந்திருந்தார், மூன்று பேருக்கும் கோட்டோடு. முதல் பனிக்காலம் அவர் சொன்னபடியேதான் இருந்தது. தேவசேனாவுக்கு நர்ஸ் உரிமம் கைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை முதியோர் இல்லத்தில் உதவியாளாக இருந்தாள். செல்லப்பாண்டி ஒரு மளிகைக் கடையின் சாமான் வண்டியில் பெட்டி ஏற்றி இறக்கினான். பெட்டி தூக்கும் வேலை இங்கும் அவனை விடவில்லை என்று தேவசேனா கேலி செய்தாள்.

கார் லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவை தோற்றான். ஓட்டுவதில் குறையில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கை தானாகப் போய் ஹார்னை அமுக்கியது. மலையில் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்காமல் திரும்புகிறவன் பைத்தியக்காரன். இங்கே அடிக்கிறவன் பைத்தியக்காரன். நாலு திருப்பத்துக்கு நாலு தடவை அடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரீட்சைக்கார அம்மாள் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அடுத்த தடவை ஸ்டியரிங்கை இரண்டு ஓரமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டித் தேறினான்.

அங்கே வந்த இரண்டாவது பனிக்காலத்தில் டவுன் பஸ் பயிற்சிக்கு எடுத்தார்கள். பனி இறுகிய ரோட்டில் வண்டி வழுக்கினால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்த நாளில், மற்றவர்கள் பயந்தபோது செல்லப்பாண்டி பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வண்டியை நேராக்கி நிறுத்தினான். எங்கே கற்றீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டார். ஐப்பசி மழையில் சேறு இறங்கிய பழனிக்குப் போகிற மலை ரோட்டை இங்கிலீஷில் விவரிக்கத் தெரியாமல், இந்தியாவில் என்று மட்டும் சொன்னான்.

இப்போது ஊரின் தெற்குப் பக்கத்து வழித்தடம் ஒன்று அவனுடையது. இறங்குகிறவர்கள் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். முதல் வாரம் ஒவ்வொருவருக்கும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிக் கழுத்து வலித்தது. இப்போது கண்ணாடியில் பார்த்துக் கையை மட்டும் தூக்குகிறான். சமவெளி ரோடு முட்டிக்கு ஒத்துக்கொண்டது. சில நாள் பூம்பாறையை நினைத்து மனசு கனக்கும். ஞானவேலுக்குப் போன் போட்டுப் பூண்டு எப்படி விளைந்திருக்கிறது என்று கேட்பான். பேசி முடித்ததும் சரியாகிவிடும்.

போன ஆனி மாதம் சண்முகராஜ் குடும்பத்தோடு வந்து பத்து நாள் இருந்தான். தங்கை கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். ஒரு நாள் அவன் தனியாகக் கிளம்பி, செல்லப்பாண்டியின் பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தான். இறங்கும்போது, எல்லாரும் சொல்கிற மாதிரியே, “நன்றி மாப்ள” என்றான். செல்லப்பாண்டி கையைத் தூக்கிவிட்டு, கதவைச் சாத்தி, வண்டியை எடுத்தான்.