மணக்காத மூக்கும் மாமியின் ஆணமும்

எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் அப்படித்தான் கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போனேன். கூரை அவர்களுடையது, கட்டில் அவர்களுடையது. நான் சொந்தமாகக் கொண்டுபோனது ஒரு மூக்கு.

நல்ல மூக்கு. மாமி அடுப்படியில் ஆணம், அதாவது குழம்பு, கொதிக்க வைத்தால், முன்வாசலில் இருந்தபடியே "இண்டைக்கு வெந்தயம் கொஞ்சம் கூடிட்டுது மாமி" என்பேன். சரியாக இருக்கும். பிறகு, என்னை மணக்கச் சொல்லாமல் மாமி ஒரு சட்டியையும் இறக்குவதில்லை என்றாகிவிட்டது. அந்த வீட்டில் ஆணி அடிக்கக்கூட என்னைக் கூப்பிட மாட்டார்கள். முதல் தடவை அடித்தது என் விரலில். ஆக, எனக்கிருந்த ஒரே மரியாதை மூக்குதான். அது ஒரு வாரக் காய்ச்சலோடு போய்விட்டது.

இதில் வேடிக்கை, நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவன். மூக்கின் உச்சியில் மணவாங்கிகள் இருக்கின்றன, அவை பிடிக்கும் செய்தி அதிகம் சுற்றாமல் மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுகிறது, அதனால்தான் ஒரு மணம் ஆளைக் காரணமில்லாமல் சிரிக்கவும் சினக்கவும் வைக்கிறது என்று கரும்பலகை நிறைய அம்புக்குறி போட்டவன். இப்போது என் மண்டைக்குள் அம்புக்குறி மட்டும்தான் மிச்சம். சோறு ஈரப் பஞ்சு மாதிரி இருந்தது. மனைவி பக்கத்தில் வந்து இருந்தால் தபால்காரர் வந்து இருப்பது போலிருந்தது. அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் மாமிக்குப் போகும்.

நடித்தேன். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து, "அல்லாஹ், என்ன மணம் மாமி!" இரண்டு மாதம் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தேன். அடுப்பில் மூடிய சட்டி.

"மருமகன், இத ஒருக்கா மணந்து பாருங்க."

"ரம்பை இலையும் கொறுக்காய்ப் புளியும் சேர்ந்து அடிக்குது மாமி! உப்ப மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

மாமி மூடியைத் தூக்கினார். உள்ளே என் மகளைக் குளிப்பாட்ட வைத்த வெந்நீர்.

"எவ்வளவு உப்புப் போடட்டும் மகன்?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை.

"எத்தின நாளா?"

"ரெண்டு மாசம்."

"அப்ப இவ்வளவு நாளும் எண்ட ஆணத்துக்குச் சொன்னதெல்லாம்?"

"பொய் மாமி."

"மூக்குப் போனா போகட்டும். வாய்க்கு என்ன வந்த? இனி நீங்க நல்லமெண்டு சொன்னா நான் எப்பிடி நம்புற?"

இனி மூக்கு சொல்வதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

டொக்டர் ஒரு பயிற்சி சொன்னார். காலையும் மாலையும் தேசிக்காய், கராம்பு, கோப்பித்தூள், அத்தர் நான்கையும் மாற்றி மாற்றி மணக்க வேண்டும். கண்ணை மூடித் தேசிக்காயோடு நான் இருந்த கோலத்தைப் பார்த்து மாமா, "மருமகனுக்கு ஓதிப் பாக்கணுமா?" என்று மாமியிடம் கேட்டாராம். டொக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: புதிய நரம்புகள் மூளையோடு இணையும்போது வயர் மாறிவிடலாம், நல்ல மணமே நாற்றமாகத் தெரியலாம்.

சில வாரம் கழித்து ஒரு பகல். மாமா, இரண்டு மச்சான்மார், நான் எல்லோரும் சாப்பிட இருந்தோம். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனேன். மூக்கில் ஏதோ ஏறியது! டயர் எரியும் மணம். சந்தோஷத்தில் கண் கலங்கியது. உடனே பயத்தில் காய்ந்தது. எதிரே மாமி நிற்கிறார்.

"எப்பிடி இரிக்கி?" என்று பொதுவாகக் கேட்டார்.

"நல்லாரிக்கி உம்மா," என்றான் சின்ன மச்சான். பெரியவன் தலையாட்டினான். மாமா இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

மாமி என்னைப் பார்த்தார். ஒரு சின்னப் பொய் சொன்னால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

"கோவிக்கப்படாது மாமி. டயர் எரியிற மாதிரி மணக்குது. எண்ட வயர் மாறிட்டுது போல."

மாமி அடுப்படிக்குப் போனார். சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்.

"வயர் ஒண்டும் மாறல்ல. நான் பக்கத்து ஊட்ட கதைச்சிட்டு நிண்ட நேரம் ஆணம் அடிப்பிடிச்சிருக்கி. உங்கட பொண்டாட்டி ஒண்டும் சொல்லாம மேலால அள்ளி வெச்சிருக்காள்."

நான் கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

மாமி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நல்ல மூக்கு வெச்சிரிக்கிற நீங்க மூணு பேரும் என்னத்தத் திண்டீங்க?"

"எனக்குத் தடிமல், மூக்கடைப்பு," என்றார் மாமா.

மாமி எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்துத் தந்தார். மற்ற மூவரும் டயரைத் தின்று முடித்தார்கள்.