வயல் காணாத நெல்

என் பிறந்த வீட்டில் யாரும் நெல் விதைத்தவர்கள் இல்லை. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அண்ணன் இன்றும் அங்கே இழுவைப் படகில்தான் வேலை செய்கிறான். எங்களுக்கு அரிசி என்பது கடையிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும் பொருள். அந்த வீட்டுப் பெண் நெல்லின் மரபணுவோடு காலம் கழித்தாள் என்றால் அதற்குக் காரணம் உமரிச் செடி.

வேம்பார் பக்கம் உப்பளங்களை ஒட்டி பஸ்ஸில் போகும்போது அதைப் பார்க்கலாம். உப்புப் பூத்து வெளுத்த தரையில், வேறு எதுவும் தலைகாட்டாத இடத்தில், உமரி மட்டும் சதைப்பற்றோடு பச்சையும் சிவப்புமாகப் படர்ந்து கிடக்கும். உள்ளே வரும் உப்பை அது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு தனி அறையில் ஒதுக்கிப் பூட்டிவைக்கிறது. அந்தப் பூட்டுக்கான மரபணுவை நெல்லுக்குக் கொடுக்க முடியுமா? ஆராய்ச்சி மாணவியாக நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது. இதைவிட்டு வேறு கேள்விக்குப் போக எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

கூடப் படித்தவரையே கல்யாணம் செய்துகொண்டேன். நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். அவர்கள் நாசரேத்துப் புராட்டஸ்டண்டுக் குடும்பம். இரண்டு பக்கமும் முகம் சுளித்தார்கள். மாமியார் மட்டும் என்னை உட்காரவைத்து, நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று விவரமாகக் கேட்டார். அவர் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே, ஆறு கடலை நெருங்கும் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. ஆற்றுத் தண்ணீர் போதாமல் போர் போட்டார்கள். போரில் வந்த தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் கரித்தது. வயலின் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்து, அங்கே நட்ட பயிர் நுனி கருகி நிற்கும். நான் சொல்லி முடித்ததும், "அப்போ நீ எங்க வயலுக்குத்தான் வேல பாக்குத" என்றார். அன்று சாயங்காலமே கார் பிடித்து வயலைக் காட்டக் கூட்டிப்போனார்.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. நெல்மணியின் கருவைச் சத்துக்கூழில் வளர்த்து, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா வழியாக உமரியின் மரபணுவை உள்ளே அனுப்ப வேண்டும். பெரும்பாலானவை அதை ஏற்காது. ஏற்றவற்றிலும் பாதி மலடாகப் போகும். ஒருநாள் காலை கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தபோது, உப்புத் தண்ணீர் ஊற்றிய தொட்டிகளில் சாதாரண நெல் வைக்கோலாகச் சாய்ந்திருக்க, எங்கள் வரிசை பச்சையாக நின்றது. கணவருக்குச் சொல்வதற்கு முன் மாமியாருக்குத்தான் போன் செய்தேன். "ஸ்தோத்திரம்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு போனிலும் "எப்ப வரும்?" என்ற கேள்வி சேர்ந்துகொண்டது. திறந்த வயலில் சோதிக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும், மாநிலமும் சம்மதிக்க வேண்டும். விண்ணப்பித்தோம். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். மறுபடி கேட்டார்கள். எதிர்ப்புக் கூட்டங்களும் நடந்தன. அந்தச் சமயத்தில் தூத்துக்குடிக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் அண்ணன் ஆரம்பித்தான்.

"ஏளா, நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும். ஆனா 'ஒண்ணும் ஆவாது'ன்னு படிச்சவங்க சொல்லி இந்த ஊரு எத்தன தடவ கேட்டிருக்கு?"

"நான் உன் தங்கச்சி. நான் பொய் சொல்லுவனா?"

"தங்கச்சிங்கறதாலதான் வீட்டுக்குள்ள வச்சுக் கேக்கேன். மத்தவங்க ரோட்டுல நின்னு கேப்பாங்க."

சோதனை முடிவுகளை வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். ஆனால் அவன் என் நெல்லைப் பற்றி மட்டும் கேட்கவில்லை, ஊருக்குள் வந்த ஆலைகளையும் சேர்த்துத்தான் கேட்கிறான் என்று தெரிந்ததால் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டேன். அண்ணிதான் பேச்சை மாற்றினாள்.

அனுமதி வராமலே பருவங்கள் கழிந்தன. ஒரு கிறிஸ்துமஸ் லீவில், மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒரு பிடி கொண்டா, போதும். நடுவுல வெளுத்துக் கெடக்க எடத்துல மட்டும் போட்டுப் பாப்போம். யாருக்குத் தெரியப் போவுது?"

"முடியாது மாமி. அனுமதி இல்லாம வெளிய கொண்டுவரக் கூடாது."

"அனுமதி வரதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

"மகரந்தம் பக்கத்து வயலுக்குப் போகாதுன்னுதான் நெனைக்கேன். ஆனா போகுதா இல்லையான்னு முறையா பாக்கத்தானே அந்த அனுமதியே கேக்கோம்."

"அப்போ உன் நெல்லு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இருந்தது. ஆனால் என் நம்பிக்கையை ஆதாரமாக வைத்து யார் வயலிலும் எதையும் விதைக்க எனக்கு உரிமை இல்லை என்றே தோன்றியது. அண்ணனிடம் அன்று சொல்ல முடியாத பதில் இதுதான் என்று அந்த நிமிஷம் புரிந்தது. மாமியாரிடம் அதை நயமாகச் சொல்லத் தெரியவில்லை. "இல்ல மாமி, தர மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். அதற்குப்பின் பல மாதங்கள் மகனோடு மட்டும் பேசினார். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

கடைசியில் திட்டத்துக்கான காலமும் முடிந்தது. கொஞ்சம் விதையைக் குளிரறையில் வைத்துவிட்டு, மீதியையும் நின்ற செடிகளையும் அழிக்கச் சொன்னார்கள். அந்த வாரம்தான் மாமியார் கண் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டில் இருந்தார். ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்திருந்தார்கள். நான் சாப்பிடாமல் எழுந்ததைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். "நானும் வாரேன்" என்றார்.

மேலிடத்தில் கேட்டு அழைத்துப்போனேன். வெள்ளை அங்கி போட்டு, காலுக்கு உறை மாட்டி, இரட்டைக் கதவு தாண்டி உள்ளே வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது.

"தொடலாமா?"

"தொடலாம் மாமி."

ஒரு கதிரைக் கையில் ஏந்தினார். "எங்க நெல்லு மாதிரியேதானே இருக்கு" என்றார். பிறகு, வெட்டிய செடிகளை நான் பைகளில் திணித்துக் கட்டக் கட்ட, அவர் ஒவ்வொரு பையின் வாயையும் விரித்துப் பிடித்துக் கொடுத்தார். பைகளை விதை முளைக்காதபடி அவித்து அழிக்கும் நீராவிக் கலனுக்குள் தள்ளிக் கதவை மூடினோம். வெந்த நெல்லின் வாசனை, வீட்டில் நெல் அவிக்கும் அதே வாசனை, அறை முழுக்கப் பரவியது. நான் அழுதேன். அவர் அழவில்லை. "நீ குடுக்காதது சரிதான். எனக்கு ஆத்தாமைதான், வேற ஒண்ணுமில்ல" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து தோசை தின்றோம்.

அடுத்த வருஷம் அவர் வயலில் தென்னம்பிள்ளை வைத்தார். தென்னை உப்பைக் கொஞ்சம் தாங்கும். நான் உமரியை விட்டுவிட்டு, நெல்லின் சொந்த மரபணு ஒன்றின் குறிமொழியிலேயே ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் வேலைக்கு வந்தேன். வெளியிலிருந்து எதையும் சேர்க்காததால் இதற்கு விதிகள் இளகியிருக்கின்றன. இந்த நெல் உமரி மரபணு கொண்ட நெல் அளவுக்கு உப்பைத் தாங்காது. எனக்கு அது தெரியும். ஆனாலும் வேறொரு மாவட்டத்தில், வானத்துக்குக் கீழே, சேற்றில் நின்றுகொண்டிருக்கிறது.

முதல் பருவத்தில் மாமியாரையும் அண்ணனையும் ஒரே காரில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் என்னிடம் வழி நெடுகக் கேள்வி கேட்டான். சிலவற்றுக்கு "தெரியாது, இன்னும் பாக்கலை" என்றுதான் சொன்னேன். அவன் அதற்குக் கோபப்படவில்லை. வரப்பில் வழுக்காமலிருக்க மாமியாரின் கையை அவன் பிடித்துக்கொண்டான். மறுநாள் பெய்த மழையில் பாதிப் பயிர் படுத்துவிட்டது. நிமிர்ந்து நின்றவற்றை மட்டும் அறுத்தோம்.