செவிமடுத்தலுக்குச் சுழியம்

"2018ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், திங்கட்கிழமை வெளியான மதிப்பெண் பட்டியலில், 'பேச்சும் செவிமடுத்தலும்' என்னும் பாடத்தின் பேச்சுப் பகுதியில் முழு மதிப்பெண் பெற்ற எனக்கு, செவிமடுத்தல் பகுதியில் சுழியம் வழங்கப்பட்டுள்ளது. இந்தப் பருவத்தில் நான் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. எவர் பேசும்போதும் குறுக்கிட்டதில்லை, உறங்கியதில்லை, கைப்பேசியைத் தொட்டதில்லை. ஆகவே இம்மதிப்பெண் நடந்த உண்மைக்குப் புறம்பானது எனக் குற்றஞ்சாட்டுகிறேன்."

குன்சான் நகரப் பேருந்து ஓட்டுநர் பியோ பான்சொக் தம் கல்லூரியின் துறைத் தலைவருக்கு எழுதிய முறையீடு இவ்வாறு தொடங்கியது. ஐம்பத்தேழு வயதில் சமூகநலத் துறையின் மாலை வகுப்பில் சேர்ந்தவர் அவர். பணிமனை ஓய்வறைக் கணினியில் இரண்டே விரல்களால் இந்தப் பத்தியைத் தட்டி முடித்து, வருகைச் சான்றையும் பாடத்திட்ட நகலையும் அதனோடு இணைத்து, காகிதங்களின் விளிம்பை மேசையில் தட்டிச் சீராக்கினார். மனம் சற்று அடங்கியது. எழுதி வைத்தது மட்டுமே நிற்கும், பேசியதெல்லாம் காற்றோடு போகும் என்பது அவருடைய அனுபவம். பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்த பழி ஒருமுறை அவர் தலையில் விழுந்தபோது, பணிமனைச் சீட்டுகளை எல்லாம் அடுக்கிக் காட்டி, மேற்பார்வையாளரையே ஓய்வறைக்கு வரவழைத்து மன்னிப்புக் கேட்க வைத்தவர். அதன்பின் ஓட்டுநர்களில் எவருக்கு எந்த மனு வேண்டுமென்றாலும், "பான்சொக்க புடி" என்பதே பேச்சு.

முறையிடும் குணம் அவருக்கு எங்கே பிடித்தது என்று தேடினால், அதுவும் ஒரு ஜூன் 25இல் போய்த்தான் முடியும். வடக்குக்கும் தெற்குக்கும் போர் மூண்ட அந்த நாளின் நினைவாக ஆண்டுதோறும் பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடந்த காலம் அது. ஐந்தாம் வகுப்பில் பான்சொக்கின் குரல்தான் பெரிது. ஆயினும் ஆசிரியர் மேடையேற்றியது அரிசி ஆலைக்காரர் மகனை. அவனிடம் வெள்ளைச் சட்டை இருந்தது. பான்சொக் சன்னலுக்கு வெளியே நின்று அந்தப் பேச்சு முழுவதையும் செவிவழியே மனப்பாடம் செய்தார். பிறகு கடற்கரைத் தடுப்பணை மேல் ஏறி நின்று, சேற்றுவெளியைப் பார்த்து நாள்தோறும் அதையே பேசினார். அக்காலப் போட்டிப் பேச்சுகளுக்கெல்லாம் பொதுவான கடைசி வரி வந்ததும், மடக்கிய இரு கைமுட்டிகளும் மார்பிலிருந்து மெல்ல எழுந்து வானை நோக்கி விரியும், "என்று இந்தப் பேச்சாளன் உரக்க முழங்குகிறேன்!" என்று தொண்டை கிழியும். கைதட்ட அங்கே ஒருவரும் இல்லை. நடுநிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. பிறகு ஒட்டுப்பலகை ஆலை, அதன்பின் பேருந்து. 'ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற பலகைக்குக் கீழே அவர் வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது.

விட்ட படிப்பைத் தனியே படித்துத் தேர்வெழுதி, கல்லூரிக்கு வந்து, பாடப்பட்டியலில் 'பேச்சு' என்ற சொல்லைக் கண்டதும் அவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்ததில் வியப்பில்லை. முதல் வகுப்பில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். பான்சொக் எழுந்தார். பெயர், வயது, வேலை எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவந்து, முடிவில் முட்டிகளை உயர்த்தி, "ஒழுங்காகப் படிப்பேன் என்று இந்தப் பேச்சாளன் உரக்க முழங்குகிறேன்!" என்றார். இளையவர்கள் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்கள்.

"அண்ணே, மைக்க அணைச்சுட்டுப் பேசுங்கண்ணே. சங்கு ஊதிட்டாங்கன்னு நெனச்சுத் துறைமுகத்துல கப்பல் கெளம்பிடப் போவுது" என்றான் வகுப்புத் தலைவன் ஓக் தேசிக். காப்பீடு விற்பவன், வாய் சும்மா இருக்காது.

பாடம் நடத்திய மியோங் சொன்ஹீ சிரிக்கவில்லை. பகுதிநேர விரிவுரையாளர், பான்சொக்கின் மகள் வயதுதான் இருக்கும். "குரல் நல்லா இருக்கு ஐயா. ஆனா யார்கிட்ட பேசறீங்கன்னு தெரியல. எதிர்ல ஒரே ஒரு ஆள் ஒக்காந்திருக்கார்னு நெனச்சுப் பேசிப் பாருங்க" என்றார். பான்சொக் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தம் பேச்சைத் தாமே பதிவு செய்து கேட்டார். மூச்சு விடும் இடங்களைக் குறித்தார். கண்ணாடி முன் கைகளைக் கட்டிப் பழகினார். சொன்ஹீ செவிமடுத்தல் பற்றிச் சொன்னவற்றை மட்டும் அவர் பெரிதாக எண்ணவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதானே, அதில் பலகைக்கடியில் பெற்ற பயிற்சி தமக்குப் போதும் என்று நினைத்தார்.

மே மாதம் இருவர் இருவராகப் பிரித்து அமர வைத்தார்கள். ஒருவர் தம் வாழ்வில் நடந்ததைச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். செவிமடுத்தலுக்கான மதிப்பெண்ணை அந்த இணையரே பருவ முடிவில் போடுவார். பான்சொக்குக்கு இணையாக வாய்த்தவர் யாங் பொக்சிம். வயது அறுபத்தொன்று, சந்தையின் பின்புறம் முளைப்பயறு சூப்புச்சோற்றுக் கடை வைத்திருப்பவர், வகுப்புக்கு வரும்போதும் மேலுடையில் பூண்டு வாசம் இருக்கும்.

"டிரைவர் தம்பி, எங்கிட்ட என்ன கதை இருக்கு, சொல்றதுக்கு" என்றுதான் தொடங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவருக்கு ஐம்பது வயது வரை எழுத்துத் தெரியாது. வங்கிக்குப் போகும் நாளில் வலது கையில் கட்டுப் போட்டுக்கொள்வார். "கையில சுடுதண்ணி கொட்டிடுச்சும்மா, நீயே எழுதிடு" என்று சீட்டை நீட்டுவார். ஒருமுறை அந்தப் பெண் பரிதாபப்பட்டு, "இன்னும் ஆறலியாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாளாம். அன்று திரும்பி வரும் வழியில் கட்டைப் பிரித்து எறிந்துவிட்டு நலமன்றத்தின் எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து ஒவ்வொரு தேர்வாக எழுதி, இப்போது கல்லூரி. மருமகள் பள்ளி ஆசிரியை. சம்பந்தம் பேசும்போது நடுநிலைப் பள்ளி முடித்ததாகச் சொன்ன பொய் இன்னும் அப்படியே நிற்கிறது.

பான்சொக் அசையாமல் கேட்டார். முடிந்ததும், "அக்கா, இது சாதாரணக் கதை இல்ல" என்றார். பொக்சிம் வெட்கத்தோடு சிரித்தார்.

ஜூன் தொடக்கத்தில் இறுதிப் பேச்சு. பேசுபவருக்கு வகுப்பினரே மதிப்பெண் இடுவார்கள். பான்சொக் எடுத்துக்கொண்ட பொருள் 'கட்டுப் போட்ட கை'. பெயர் சொல்லவில்லை. விடியலில் ஊருக்குச் சூடான சூப்பு ஊற்றும் ஒரு கை, வங்கியில் மட்டும் துணிக்குள் ஒளிந்துகொண்டது என்று தொடங்கினார். எதிரில் ஒரே ஒருவர் இருப்பதாக எண்ணி, மெதுவாக, இடம் விட்டு விட்டுப் பேசினார். மேசையில் கவிழ்ந்து சிரித்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். முடிவில் மட்டும் பழைய தடுப்பணை அவரை விடவில்லை. முட்டிகள் தாமே எழுந்தன. "அந்தத் தாயைப் போற்றுவோம் என்று இந்தப் பேச்சாளன் உரக்க முழங்குகிறேன்!"

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே, ஒருவர் பின் ஒருவராக, மூன்றாம் வரிசையில் இருந்த பொக்சிமைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தைப் பின்புறத்துச் சூப்புக்கடைக்காரர் அந்த வகுப்பில் வேறு எவரும் இல்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து காத்திருந்த அந்தக் கைதட்டலில் பான்சொக்கின் காது நிறைந்திருந்தது. பொக்சிம் பையை எடுத்துக்கொண்டு, "அடுப்புல வெச்சிட்டு வந்துட்டேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு வெளியேறியதை அவர் பார்த்தார். கடை வேலை உள்ள பெண்மணி, போகட்டும் என்று நினைத்தார். தேசிக் அந்தப் பேச்சின் காணொளியை வகுப்புக் குழுவில் போட்டான். அங்கிருந்து அது எங்கெங்கோ போயிற்று. பொக்சிம் அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. "விடுப்புக்கு எழுதிக் குடுத்துட்டாங்களாம், கடையில ஆள் இல்ல போல" என்றான் தேசிக். பான்சொக் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

சுழியம் வந்த மறுநாள், முறையீட்டோடு அவர் விரிவுரையாளர்களின் பொது அறைக்குப் போனார்.

சொன்ஹீ தாள்களைப் புரட்டினார். "ஐயா, இத நான் போடல. உங்க இணை அனுப்பின படிவம் வெறுமையா வந்துச்சு. வெறுமையா வந்தா சுழியம், விதி அப்படி."

"மறந்திருப்பாங்க மேடம். கடைத் தொல்லையில."

"இருக்கலாம். தவறுதலா விட்டுப் போச்சுன்னு அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, வெள்ளிக்குள்ள திருத்தலாம்." தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "போறப்ப அவங்க பேசறதக் கேட்டுட்டு வாங்க."

கடைசி வாக்கியம் பான்சொக்கின் காதில் பதியவில்லை. அன்றே உண்மை உறுதிச் சான்று ஒன்றைத் தயாரித்தார்: 'கீழே முத்திரையிட்டுள்ள நான், என் இணையரான பியோ பான்சொக்குக்கு உரிய செவிமடுத்தல் மதிப்பெண்ணைக் கவனக்குறைவால் குறிக்கத் தவறினேன்.' கையெழுத்துக்குப் பதில் பொக்சிம் தம் பெயர் முத்திரையைக் குத்தினால் போதும்.

மதியக் கூட்டம் ஓய்ந்த வேளையில் கடைக்குப் போனார். பொக்சிம் தரையில் குந்தி முளைப்பயற்றின் வால் கிள்ளிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை.

"சாப்பிட்டியா தம்பி?"

"ஆச்சுக்கா. ஒரு சின்ன வேலை. முத்திரை ஒண்ணு குத்தணும்" என்று அவர் எதிரில் உட்கார்ந்தார் பான்சொக்.

பொக்சிம் கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, காகிதத்தை வாங்கினார். உதடு அசைய, ஒரு சொல்லும் விடாமல் படித்தார். இரண்டாம் வரியில் விரல் நின்றது.

"'கவனக்குறைவால்'. இது பொய் தம்பி. நான் கவனமாத்தான் விட்டேன்."

"ஏன்க்கா? நான் கேக்கலியா? வாயத் தொறக்காமக் கேட்டேனே. வேணும்னா இப்பச் சொல்லட்டா?"

"சொல்லு."

பான்சொக் சொன்னார். வங்கி, கட்டு, சுடுதண்ணீர், அந்தப் பெண் சொன்னது, பிரித்து எறிந்தது, எழுத்து வகுப்பு, சம்பந்தப் பேச்சு. சொல் மாறவில்லை, வரிசை மாறவில்லை. சொல்லி முடித்து, தேர்வில் எல்லாவற்றுக்கும் விடையெழுதிய மாணவனைப் போல நிமிர்ந்தார்.

"ஒண்ணு விட்டுட்ட" என்றார் பொக்சிம்.

"இல்லியே."

"கடைசியா ஒண்ணு சொன்னேன். 'இத உங்கிட்ட மட்டும் சொல்றேன் தம்பி, இந்த மேசைய விட்டு எந்திரிக்கறப்ப இங்கியே வெச்சுட்டு எந்திரி'ன்னேன். நீ நல்லாத் தலைய ஆட்டின."

பான்சொக் நினைவைத் துழாவினார். மேசை நினைவிருந்தது, பூண்டு வாசம் நினைவிருந்தது, பொக்சிமின் உதடு அசைந்ததுகூட நினைவிருந்தது. அந்த இடத்தில் குரல் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் அவர் மனத்துக்குள் முட்டிகள் மார்பிலிருந்து எழத் தொடங்கிவிட்டிருந்தன. கடைசி வரியை எப்படி முடிப்பது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் சொல்லலியேக்கா" என்றார். சொன்னபோதே அது எவ்வளவு சிறிய வாதம் என்று அவருக்குத் தெரிந்தது.

பொக்சிம் மறுபடி பயற்றில் கை வைத்தார். "மருமக அந்த வீடியோவப் பாத்திருக்கா. போன ஞாயித்துக்கெழம வந்தா. ஒண்ணும் கேக்கல, நல்ல பொண்ணு. பேரனோட பள்ளிக்கூடக் காயிதம் ஒண்ணு வந்திருந்துச்சு. எப்பவும் எங்கிட்ட நீட்டிட்டுப் போயிடுவா. அன்னைக்குப் பக்கத்துல ஒக்காந்து, வரிக்கு வரி வெரல வெச்சு, மெள்ள மெள்ள, சத்தமாப் படிச்சுக் காட்டினா. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குப் படிக்கற மாதிரி. நானும் முழுசும் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி. பதினோரு வருசமாத் தெரியும்."

பான்சொக் எழுந்தார். பேருந்தில் அத்தனை ஆண்டுகளாகத் தேக்கி வைத்த சொற்கள் எல்லாம் தொண்டைக்கு வந்தன. "அக்கா, நான் செஞ்சது மன்னிக்க முடியாத..." என்று தொடங்கினார். குரல் ஏறியது. சுவரோரம் சூப்பு குடித்துக்கொண்டிருந்த ஒரே வாடிக்கையாளர் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"கையக் கீழ எறக்கு" என்றார் பொக்சிம்.

அப்போதுதான் பான்சொக் தம் கைகளைப் பார்த்தார். இரண்டும் மார்பளவு உயர்ந்திருந்தன.

அவர் உட்கார்ந்தார். பொக்சிம் கல்லாப் பெட்டியிலிருந்து முத்திரைப் பையை எடுத்தார், திறக்கவில்லை. சான்றைத் திருப்பி, வெறுமையான பின்பக்கம் மேலே தெரியும்படி அவர் முன்னால் வைத்தார்.

"நீ வாயத் தொறந்தா மேடை ஆயிடுது. அதனால பேசாத. எனக்கு எழுதிக் குடு. நான் சொன்னதுல எதக் கேட்ட, எதக் கேக்கல, ஏன் கேக்கலன்னு எழுது. எம் மருமகளுக்கு இல்ல, காலேஜுக்கு இல்ல, எனக்கு. உங் கையெழுத்துல, உம் முத்திரை குத்தி, வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டா. யாரும் படிச்சுக் காட்ட வேணாம். நானே படிச்சுக்கறேன்."