அவனுக்கு வார்த்த குண்டு

ஈயம் உருகி முடிந்ததும் மேலே சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படிந்தது. இரும்புக் கரண்டி அதை ஓரமாக ஒதுக்கியது. அடியில் பளபளத்ததை மட்டும் மொண்டு, பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடி வைத்த அச்சின் வாயில் ரசூலின் கைகள் ஊற்றின. மூச்சை ஐந்து முறை இழுத்துவிடும் நேரம். அச்சு திறந்தது. அரைநெல்லிக்காய் அளவில் ஒரு குண்டு, மடித்த சாக்கின்மேல் பொத்தென்று விழுந்தது.

கைகள் அதை உடனே நம்பிவிடவில்லை. வால் மாதிரி ஒட்டியிருந்த பிசிறை நறுக்கிவிட்டு நகைத்தராசின் ஒரு தட்டில் வைத்தன. மறு தட்டில் ஏற்கெனவே தேறிய குண்டு. புதுசு இருந்த தட்டு மயிரிழை மேலே நின்றது. உள்ளே எங்கோ காற்றுப் புகுந்திருக்கிறது. வெளியே பார்த்தால் குறையே தெரியாது. கைகள் அதைத் திரும்பவும் சட்டியில் போட்டன. காலையிலிருந்து வார்த்தது இருபத்தாறு. தேறியது ஒன்பது.

இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் நிமிராது. உள்ளங்கையைப் பார்த்து வளைந்தே கிடக்கும். எதையாவது இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்த இரண்டும் கொக்கி மாதிரி உதவும் என்று ரசூல் சொல்லிக்கொள்வார்.

ரசூல் கடையநல்லூர்த் தறிக்காரர் மகன். சங்கரன்கோவிலுக்கு பவர்லூம் ஃபிட்டராக வந்து, தறி இரும்பை அராவிய கையாலேயே துப்பாக்கியைப் பழகியவர். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பார்த்தால் அதைச் செய்தவன் எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்று துப்பாக்கியே சொல்லிவிடும் என்பார். பழுது பார்க்க முறையாக லைசென்ஸ் வாங்கி, ராஜபாளையம் ரோட்டை ஒட்டி ஒரு கடை போட்டிருந்தார். மலையடிவாரத்துச் சம்சாரிகள் பயிர்க்காவல் துப்பாக்கிகளைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருவார்கள்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. பின்கட்டுதான் வீடு. மனைவி சுபைதா பேகத்தின் காதில் அந்தப் பிராணியின் பேர் விழக்கூடாது. ஆனால் வருகிற துப்பாக்கியில் பாதி அந்தப் பிராணிக்காகத்தான் வரும். அதனால் கடைக்குள் அதற்கு 'அவன்' என்று பேர் வைத்தாயிற்று. "பாய், நேத்து ராத்திரி அவன் கடலையப் பூரா உழுதுட்டான்" என்பார்கள். "எத்தனை பேரு வந்தானுவ?" என்று ரசூல் கேட்பார். பத்து வருஷமாக இப்படித்தான். அந்தச் சொல்லை ரசூல் வாயால் யாரும் கேட்டதில்லை.

வாசுதேவநல்லூர் வெள்ளத்துரை வந்தது எழுபத்தொன்பது மாசியில். முப்பது வயசிருக்கும். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சாக்கைப் பிரித்து ரெட்டைக்குழல் துப்பாக்கியை மேஜையில் கிடத்தினான். வாய் வழியாக மருந்து இட்டுக் கெட்டிக்கிற பழைய சாதி.

"எங்க தாத்தா காலத்துது பாய். ரவை போட்டுக் கொக்கு சுட்டுக்கிட்டுக் கெடந்தது. இதுல இனி ஒத்தைக் குண்டு போடணும்."

"யாருக்கு?"

"அவனுக்குத்தான். எங்க அண்ணன் தொடையக் கிழிச்சிட்டான்லா. பதினேழு தையல்."

ரசூல் உச்சுக்கொட்டினார். "எங்கன வச்சு?"

"மடைகிட்ட. விடியமுன்ன தண்ணிக்கு வருவான். கூட்டத்தோட சேர மாட்டான். ஒத்தையிலதான் வருவான்."

கூட்டத்தோடு சேராதவன் மூர்க்கன் என்பது ரசூலுக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்க வேண்டியது தூரம் மட்டும்தான்.

"நாப்பது தப்படி. நடந்து பாத்துட்டேன். ரவை பட்டா ஓடிருவான் பாய். பெறவு நாள் பாத்து நம்மளத் தேடி வருவான். ஒரே போடு. விழுந்தவன் எந்திரிக்கக் கூடாது." வெள்ளத்துரை அப்புறம்தான் சிரித்தான். "அவனுக்குக் குண்டு வார்த்துக் குடுக்க பாய் இந்தச் சீமையிலேயே நீரு ஒருத்தர்தான். கறியில ஒரு பங்கு அனுப்பட்டுமா?"

"மெல்லவே! உள்ள கேட்டா ஈயக் கரண்டியோட வந்துருவா."

லைசென்ஸ் புத்தகம் அண்ணன் நல்லக்கண்ணு பேரில் இருந்தது. படுக்கையில் கிடக்கிற அண்ணனின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் இருந்தது. ரசூல் இரண்டையும் இரண்டு தடவை படித்தார்.

"கொண்டாந்தது நீரு. ஆனா வேலை முடிஞ்சா உம்ம அண்ணன் கையிலதான் குடுப்பேன். அவரால வர முடியலன்னா நான் வாரேன்."

அதற்குக் காரணம் அந்த இரண்டு விரல்கள். எழுபத்து நாலில் ராயகிரிப் பக்கத்துத் துப்பாக்கி ஒன்றைப் பழுது பார்த்து, நல்ல பையனாயிற்றே என்று மகன் கையில் கொடுத்தனுப்பினார். ஆறாம் நாள் அந்த மகன், சாப்பிட்டுக்கொண்டிருந்த தகப்பனை முதுகில் சுட்டான். இலையில் சோற்றோடு ரத்தம் கலந்து கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். பேர் சொல்ல வேண்டாத ஒரு ஸ்டேஷனில் ரசூலின் இடது கையை மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். "யாரு கையில குடுத்தே?" ஒவ்வொரு தடவை கேட்டபோதும் லத்தி இறங்கியது. அவர் ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னார்.

வேலை பதினோரு நாள் பிடித்தது. ரவை போடுகிற துப்பாக்கியில் இரண்டு குழலும் கொஞ்சம் முன்னே பின்னே பார்த்தாலும் பாதகமில்லை. பொடிக் குண்டுகளான ரவை முறம் அளவு விரிந்துபோகும். ஒத்தைக் குண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். போதாததற்கு, தாத்தா காலத்திலிருந்து தேய்ந்த குழல் எந்தக் கடைக்குண்டுக்கும் பொருந்தவில்லை. சின்னது கலகலத்தது. பெரியதை அடித்து இறக்கினால் குழல் பிளந்து, சுடுகிறவன் கண்ணோடு போகும். ஆகவே அச்சையே புதிதாகக் குடைந்தார். குடைந்து, வார்த்து, இறக்கிப் பார்த்து, மறுபடி குடைந்தார். எண்ணெய்த் துணியில் பொதிந்த குண்டு விரலால் தள்ளினால் இறங்க வேண்டும், தானாக விழக் கூடாது. நான்காவது அச்சு சரியாக வந்தது.

சுட்டுப் பார்க்கிற நாளுக்கு வெள்ளத்துரைக்குச் சொல்லியனுப்பினார். ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாய். கரையை முதுகுக்கு வைத்து, நாற்பது தப்படியில், முழங்கால் உயரத்தில் மாம்பலகை ஒன்றை நட்டார்.

"என்ன பாய், கோழிக்கா வைக்கீரு?" வெள்ளத்துரை போய்ப் பலகையைப் பிடுங்கி, தன் நெஞ்சுக்கு நேராக ஒரு கவட்டைக் கம்பில் தூக்கிக் கட்டினான்.

"அவன் அவ்வளவு ஒசரமா?"

"எந்திரிச்சு நிப்பான்லா" என்று சொல்லிச் சிரித்தான்.

ரசூலும் சிரித்தார். மண்மூட்டையில் குழலைத் தாங்கவைத்துச் சுட்டார். வலது குழல் பலகையின் நடுவில் துளைத்தது. இடது குழல் மூன்று விரல் தள்ளி. மருந்தைக் கொஞ்சம் குறைத்தார்; ஒரு விரலாயிற்று. பலகையின் பின்பக்கம் கட்டைவிரல் அளவு வெளியே பிய்ந்து தொங்கியது.

"நான் ஒண்ணு போட்டுப் பாக்கேன்" என்று வெள்ளத்துரை கை நீட்டினான்.

ரசூல் இரண்டு குழலையும் கெட்டித்தார். ஆனால் கேப்பு மாட்டியது வலது குழலுக்கு மட்டும். விசையை இழுத்ததும் குதிரை விழுந்து கேப்பை அடித்தால்தான் உள்ளே மருந்து பிடிக்கும். கேப்பு இல்லாத குழல் ஊமை. பிறத்தியார் கையில் கொடுக்கும்போது ஒரு சமயத்துக்கு ஒரு கேப்பு என்பது அவர் வழக்கம். இரண்டாவது அவர் சட்டைப் பையில் இருந்தது.

வெள்ளத்துரை சுட்டான். பலகை நெட்டுக்குப் பிளந்தது. அவன் துப்பாக்கியோடு அங்கே ஓடி, கம்பில் தொங்கிய பாதியை உதைத்துக் கீழே தள்ளினான். குதிகாலால் மிதித்தான். காறித் துப்பினான்.

"இப்பம் மடையத் திறலே! திறலே பாப்போம்! உங்கப்பன் வெட்டுன மடையாலே அது?"

ரசூல் மருந்துக் குப்பியை மூடிக்கொண்டிருந்தார். மூடி அவர் கையிலேயே நின்றது.

மடையைத் திறக்கிறவன். விடியுமுன் தண்ணிக்கு வருகிறவன். ஒத்தையில் வருகிறவன். எழுந்து நிற்கிறவன். பத்து வருஷமாகத் தானே கட்டிக் காத்த சொல், காது நிறைய அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

அவர் நடந்து போய்க் குழலைப் பிடித்தார். "யாருவே அவன்?"

"விடும் பாய்."

"பேரச் சொல்லு."

"செல்லச்சாமி. எங்க சித்தப்பன் மவன். எங்க முறைத் தண்ணிய அவன் வயலுக்குத் திருப்புதான். கேக்கப்போன அண்ணன அருவாளால வெட்டிட்டான். போதுமா? கைய எடும்."

"எடுக்க மாட்டேன்."

வெள்ளத்துரை துப்பாக்கியைப் பின்னுக்கு வெட்டி இழுத்து, கட்டையைச் சுழற்றினான். அது ரசூலின் வாயில் விழுந்தது. முன்பல் உள்ளே சரிந்தது நாக்குக்குத் தெரிந்தது. மல்லாக்க விழுந்தவர் எழுந்திருக்கக் கையூன்றியபோது, குழல் அவர் வயிற்றில் அழுந்தியது. இடது குதிரையைப் பெருவிரல் மேலே இழுக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை இரண்டு நாள் எண்ணெய் போட்டுப் பதமாக்கியவரே அவர்தான்.

"ஊருல போயிச் சொல்லுவீரு. ஸ்டேஷன்ல சொல்லுவீரு."

ரசூல் வாய் திறந்தார். ரத்தம்தான் வந்தது.

வெள்ளத்துரை விசையை இழுத்தான்.

டக்.

வெறும் இரும்பில் இரும்பு அடித்த சத்தம். கண்மாய்க் கரையில் ஒரு கொக்குகூட எழவில்லை. வெள்ளத்துரை துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு ரசூலைப் பார்த்தான். மிதித்துப் போட்ட பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

ரசூல் எழுந்து அவன் கையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். பல்லைத் துப்பினார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டாவது கேப்பு இங்கன இருக்கு. எழவெடுப்பானே, ஒரு சமயத்துக்கு ஒரு கேப்புன்னு எனக்கு வழக்கம் இருந்துது. ஊருக்குப் போ. நாளைக்கழிச்சு நான் வாரேன்."

ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று அன்றைக்கு நினைக்காமல் இல்லை. வளைந்த விரல்கள் இரண்டும் வேண்டாமென்றன. சுபைதா உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்து, "என்ன ஆச்சு?" என்றாள். "பின்னுக்கு உதைச்சிட்டு" என்றார். அவள் நம்பவில்லை. மறுநாள் ஒரு நாழிகை அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழலின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். முதல் வேட்டில் வெடித்துவிடும். ஆனால் வெடிக்கும்போது அதன் பின்னால் யார் முகம் இருக்கும் என்று அரத்துக்குத் தெரியாது. அரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, இடது குழலில் கிடந்த குண்டையும் மருந்தையும் உருவி எடுத்தார்; குறி பார்க்கிற வெட்டில் பாக்கியிருந்ததை முடித்தார்.

நல்லக்கண்ணு வீட்டில் அவர் நுழைந்தபோது மனைவி கோமதியம்மாள் காயத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பிராணியின் தந்தம் என்றால் கீழிருந்து மேலே கிழிக்கும். இது மேலே வாய் பிளந்து, கீழே இறங்க இறங்க மெலிந்து முடிந்திருந்தது. வீசி இறக்கிய வெட்டு. வெள்ளத்துரை கதவோரம் தலையைக் குனிந்து நின்றான்.

நல்லக்கண்ணுவின் கண் துப்பாக்கியைவிட்டு நகரவில்லை. "முடிஞ்சிட்டா பாய்? தம்பி சொன்னான், வாயில பட்டுட்டாம்லா. மனசுல வச்சுக்கிடாதேயும். அவன் கை நடுங்கும். வார மாசம் நான் எந்திரிச்சிருவேன். செல்லச்சாமிய நானே போட்டுக்கிடுதேன்."

லைசென்ஸ்காரர் கையில்தான் கொடுப்பேன் என்று ஐந்து வருஷமாகக் காத்த சட்டம், லைசென்ஸ்காரர் வாயாலேயே ஓட்டையாயிற்று. கோமதியம்மாள் ரத்தத் துணியைச் சுருட்டியபடி அவரையே பார்த்தாள். இரண்டு பேர் ஜெயிலுக்கும் ஒருவன் சுடுகாட்டுக்கும் போனால் மிச்சமிருக்கப்போவது யார் என்று அவள் கணக்குப் போட்டு நாளாகியிருக்கும்; அது முகத்தில் இருந்தது.

ரசூல் ரெஜிஸ்டரை விரித்தார். துப்பாக்கியை நல்லக்கண்ணுவின் மடியில் வைத்தார். "கையெழுத்துப் போடும்." அவர் போட்டார்.

"குண்டு?" என்றார் நல்லக்கண்ணு.

ரசூல் தோள்பையிலிருந்து அச்சையும், தேறியதில் மிச்சமிருந்த குண்டுகளைக் கட்டிய துணி முடிச்சையும் எடுத்தார். கட்டிலைச் சுற்றிப் போய்க் கோமதியம்மாள் முன்னால் நின்றார்.

"தாயி, இந்தக் குழலுக்கு இந்த அச்சுக் குண்டு ஒண்ணுதான் சேரும். வேற குண்டப் போட்டா ஒண்ணு குறி தப்பும், இல்லன்னா குழல் பிளந்து சுடுதவன் கண்ணு போயிரும். இது இல்லாட்டா அது வெறும் ரவைத் துப்பாக்கி."

"பாய்!" நல்லக்கண்ணு எட்டிய செம்பை எடுத்து வீசினார். அது சுவரில் பட்டுத் தெறித்து அவள் நெற்றியைப் பிளந்தது. "ஏட்டி, வாங்குனேன்னா உன் கைய வெட்டிருவேன்!" எழுந்திருக்கப் பார்த்தார், தையல் விட்டு, கட்டு சிவந்தது. "ஏலே வெள்ள, புடுங்குலே அத!"

வெள்ளத்துரை கதவோரத்திலிருந்து அசையவில்லை.

கோமதியம்மாள் நெற்றியைத் துடைக்கவில்லை. புருவத்தில் இறங்கிய ரத்தத்தோடு கையை நீட்டினாள். "எப்பம் எடுத்துக் குடுக்கணும் பாய்?"

"பன்னி வந்தா குடு" என்றார் ரசூல். அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னார். பல் போன வாயில் அது தெளிவாகத்தான் வந்தது. "பன்னிக்கு மட்டும்."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.