ஐவி மிஸி கேட்டு வாங்கிய வண்டி

ஐவி மிஸிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில்கூட ஏறியதில்லை. இருந்தும், சீமையிலிருந்து வரப்போகும் லேண்ட் ரோவரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வெள்ளிமலைத் தோட்டத்துத் துரை அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்.

அது 1959ஆம் ஆண்டு. லிந்துலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு மருத்துவச்சியாக வந்து அவளுக்கு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. ராகலைப் பக்கத்தில் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மகள். கொழும்பில் பயிற்சி முடித்து, வெள்ளைச் சேலையும் தோல் பையுமாக வந்து இறங்கியவளை லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் முதலில் நம்பவில்லை. "கல்யாணம் கட்டாத புள்ளைக்குப் பேறுகாலத்தப் பத்தி என்னா தெரியும்?" என்றார்கள். இரண்டு மழைக்காலம் போனபிறகு, மிஸி வராமல் பெறமாட்டேன் என்று அடம்பிடித்ததும் அதே பெண்கள்தான். ஆஸ்பத்திரி நர்சைச் சொல்லும் 'மிஸி' என்ற பெயர் அப்படித்தான் அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

தோட்டத்தில் 'கணக்கு' எனப்படும் பிரிவுகள் இரண்டு. கீழ்க்கணக்கு தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டி இருந்தது. மேல்கணக்கு மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே. அங்கிருந்து இறங்க ஒரே ஒரு மண்பாதை. சிக்கலான பிரசவம் என்றால் தாயைக் கொழுந்து லொறியில் படுக்கவைத்து, மேலே ஒரு படங்கை இழுத்துக் கட்டி, லிந்துலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்.

முந்தைய வருடம் ஆடி மாதத்தில் நாகலெட்சுமிக்கு மாதம் நிறையாமல் அந்த லொறியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. மூச்சு இருந்தது. அழவும் அழுதது. ஐவி அதைக் கம்பளியில் சுற்றித் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். படங்கின் கிழிசல்களுக்குள்ளால் மழை அடித்துக்கொண்டே இருந்தது. கம்பளி நனைந்தது, அவளும் நனைந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது குழந்தை சில்லிட்டுப் போயிருந்தது.

அன்றிலிருந்து துரையின் ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் ஐவி வண்டி கேட்டாள். துரை முகம் சுளித்தாலும் கேட்டாள். கடைசியில் கம்பெனி ஒத்துக்கொண்டது. ஆனால் வண்டி வெறும் உடம்போடுதான் வரும்: பின்பக்கம் திறந்தபடி, மேலே ஒரு கித்தான் துணி மட்டும். அதற்கு மேல் ஒரே ஒரு சாமானைத்தான் கம்பெனி அனுமதிக்கும் என்றார் துரை.

"ஒண்ணு, நாலு பக்கமும் மூடின இரும்புக் கூண்டு, உள்ளே ஹீட்டர். இல்லாட்டி முன்னுக்கு வின்ச். எது வேணும்?"

வின்ச் என்றால் என்னவென்று ஐவிக்குத் தெரியவில்லை. துரை படத்தைக் காட்டி விளக்கினார். வண்டியின் மூக்கில் ஓர் இரும்பு உருளை. அதை எஞ்சினே சுழற்றும். கயிற்றின் ஒரு முனையை முன்னால் நிற்கும் மரத்தில் கட்டி, மறுபக்கத்தை அந்த உருளையில் சுற்றினால், சேற்றில் புதைந்த வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

"கூண்டும் ஹீட்டரும்தான் வேணும்ங்க," என்றாள் ஐவி உடனே.

"அவசரம் வேணாம். சோலைமலைகிட்டயும் கேளு," என்று அனுப்பிவிட்டார் துரை.

சோலைமலை லொறி டிரைவர். உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் இராணுவ லொறி ஓட்டியவர். நாகலெட்சுமியைக் கொண்டுபோன அன்றைக்கும் அவர்தான் ஓட்டினார். ஐவி விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வின்ச் கேளுங்க மிஸி."

"குளிருல போன புள்ளைய நீங்களும்தானே பாத்தீங்க அண்ணே?"

"பாத்தேன். அத எப்படி மறக்கிறது? ஆனா அன்னைக்கு லொறி எங்கயும் சிக்கல. மேல்கணக்கு வளைவுல சிக்கியிருந்தா தாயும் சேந்துல்ல போயிருப்பா. சூடான பொட்டிக்குள்ள ஒக்காந்துகிட்டு சேத்துல நின்னு என்னா பிரயோசனம்?"

"வின்ச்ச இங்கேயே செஞ்சு மாட்ட முடியாதா?"

"ஹட்டனுக்குப் போனா சிறிசேன பாஸ்கிட்ட கேட்டுப் பாருங்க. அவரு சொல்றத கேட்டுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஐவி சிறிசேன பாசின் கராஜைத் தேடிப் போனாள். 'பாஸ்' என்றால் கைத்தொழில் மேஸ்திரி; அவர் மரவேலையும் தெரிந்தவர், இரும்பு வேலையும் தெரிந்தவர். சிங்களத்தில்தான் பேசினார்கள். கராஜின் பின்புறம் மரம் இழுக்க ஒரு கைவின்ச் வைத்திருந்தார். இரண்டு ஆட்களை விட்டுச் சுற்றிக் காட்டினார். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார்கள். மரக்கட்டை நத்தைபோல நகர்ந்தது.

"இதைத்தான் நான் பொருத்தித் தர முடியும், மிஸி. எஞ்சினின் பலத்தை வாங்கி இழுக்கிற சாமான் தொழிற்சாலையில் வண்டியோடு சேர்ந்து பிறக்க வேண்டும். அது என்னால் ஆகாது," என்றார் பாஸ், ஒளிவுமறைவில்லாமல்.

"கூண்டு?"

"மரத்தில் செய்யலாம். ஆனால் குளிருக்கு நான் பொறுப்பில்லை."

பஸ்சில் திரும்பும் வழியெல்லாம் ஐவி யோசித்துக்கொண்டே வந்தாள். பாஸ் சொன்னதும் சோலைமலை சொன்னதும் சரியென்றே பட்டது. ஆனால் சரியென்று ஒத்துக்கொண்டால், தன் கையில் சில்லிட்டுப் போன அந்தச் சின்ன உடம்புக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது. இரண்டு மூன்று நாள் போனது. பிறகு நேரே நாகலெட்சுமியின் லயத்துக்குப் போனாள். அவள் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஐவி எதையும் மறைக்காமல் சொன்னாள்.

நாகலெட்சுமி அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பினாள்.

"அன்னைக்கு அந்தக் கம்பளி நனையாம இருந்திருந்தா போதும் மிஸி. எம்புள்ள இரும்புக் கூண்டா கேட்டுச்சு?"

நாகலெட்சுமி ஐவிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "நல்லா ரோசிச்சுச் செய்ங்க. அடுத்தவ புள்ளையாவது தங்கணும்," என்றாள்.

கீழே இறங்கி வரும் வழியில் தொழிற்சாலை. தேயிலைப் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐவி நின்று பார்த்தாள். மெல்லிய ஒட்டுப்பலகை, உள்ளே பளபளக்கும் ஈயத்தாள். கப்பலில் அத்தனை தூரம் போயும் உள்ளே இருக்கும் தேயிலை நமுத்துப்போவதில்லை. அவள் அங்கேயே திரும்பித் துரையின் ஆபீசுக்கு நடந்தாள்.

"வின்ச்சையே எழுதுங்க. கூண்ட நாங்க இங்க செஞ்சுக்கிறோம். எனக்குப் பழைய தேயிலைப் பெட்டி கொஞ்சம் வேணும்."

துரை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதி அனுப்பினார்.

அதன்பிறகு வந்த மாதங்கள்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தன. வண்டி கப்பலில் வந்துகொண்டிருந்தது. அவள் மனதுக்குள் வேண்டாத கேள்விகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தடவை பனி இறங்கும்போதும், 'ஹீட்டரை விட்டுவிட்டோமே' என்று தோன்றும். சாலையில் சறுக்கிய மாட்டு வண்டியைப் பார்த்தால், 'இல்லை, சரிதான்' என்று இருக்கும். தேவமாதாவிடம்கூட அவளால் தெளிவாக எதையும் கேட்டு ஜெபிக்க முடியவில்லை.

தை பிறந்தபிறகு வண்டி வந்தது. நேரே பாசின் கராஜுக்குப் போனது. ஐவி லீவு கிடைத்த நாளெல்லாம் அங்கே போய் நின்றாள். இரண்டு அடுக்குப் பலகை, நடுவில் ஈயத்தாள், மேலே தகரக் கூரை, ஒரு ஆள் படுக்க நீளமான கட்டில், பக்கத்தில் மருத்துவச்சி உட்கார ஒரு பலகை. சுடுதண்ணீர் ரப்பர் பைகளைச் சொருகக் கட்டிலைச் சுற்றிலும் பைகள் தைத்தாள்.

"இது வண்டியா, தேயிலைப் பெட்டியா?" என்று பாஸ் சிரித்தார். "தாயை ஏற்றி லண்டனுக்கு அனுப்பப் போகிறீர்களா?"

முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. தகரமும் முன்கண்ணாடியும் சேரும் இடத்தில் தண்ணீர் கோடாக இறங்கிக் கட்டிலின் தலைமாட்டை நனைத்தது. அதைப் பார்த்த அன்று ஐவி சாப்பிடவே இல்லை. சோலைமலை வண்டியைத் திரும்ப ஹட்டனுக்கு ஓட்டிப்போனார். பாஸ் வெட்கப்பட்டு, இணைப்புகளையெல்லாம் பிரித்துத் தாரும் கித்தானும் வைத்து மறுபடி அடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்தது சித்திரை மாதத்துச் சின்ன மழைதான். பெரிய மழையில் அது தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

ஆனி மாதம் பெரிய மழை வந்தது. ஒரு மத்தியானம் மேல்கணக்கிலிருந்து ஆள் ஓடிவந்தான். அழகம்மாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ஐவி டிஸ்பென்சரி அடுப்பில் கொதித்த தண்ணீரை ரப்பர் பைகளில் ஊற்றிக்கொண்டு வண்டியில் ஏறினாள்; சோலைமலை ஓட்டினார். மேலே போய்ச் சேர்ந்தார்கள். அழகம்மாவையும் அவளுடைய மாமியார் ராக்காயியையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, சோலைமலை பயந்த அந்த வளைவில் பாதையோரம் சரிந்தது. வண்டியின் பின்பக்கம் வழுக்கி, பின்சக்கரங்கள் இரண்டும் ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கிப் புதைந்தன.

அழகம்மா அலறினாள். ஐவி அவள் கையை விடவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல தங்கச்சி, மூச்ச நல்லா விடு," என்றாள்.

சோலைமலை மழையில் குதித்து, முன்னால் நின்ற டர்பன்டைன் மரத்தில் கயிற்றைக் கட்டினார். உருளையில் சுற்றினார். பிறகுதான் அவருக்கு உறைத்தது: உருளை சுழலும்போது கயிற்றின் இந்த முனையை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும், ஸ்டியரிங்கை ஒருவர் பிடிக்க வேண்டும். சேதி சொல்ல வந்த ஆள் மேலேயே நின்றுவிட்டான். மிஸியைக் கூப்பிட முடியாது.

"நான் புடிக்கிறேன்!" என்று ராக்காயி இறங்கினாள். தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியை இறுக்கிக்கொண்டு, முந்தானையைச் செருகி, கயிற்றைப் பிடித்தாள்.

முதல் தடவை ஈரக் கயிறு உருளையில் வழுக்கியது. ராக்காயி சேற்றில் குப்புற விழுந்தாள். எழுந்து, மழையையும் மலையையும் கயிறு திரித்தவனையும் சேர்த்து ஏசினாள். சோலைமலை இறங்கி வந்து இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"இப்ப இழுங்கத்தா, விட்ராதீங்க!"

"நீ ஓட்டுய்யா!"

உருளை முனகியது. கயிறு விறைத்துத் தண்ணீர் சொட்டியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, அசைந்தது, பிறகு கானிலிருந்து மெதுவாக ஏறிப் பாதைக்கு வந்து நின்றது. உள்ளே இருந்த ஐவிக்குத் தரை நேராவது மட்டும்தான் தெரிந்தது. "மாதாவே," என்றாள்.

தார் ரோட்டைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தை வந்துவிட்டது. ஐவி கூரையைத் தட்டினாள். சோலைமலை வண்டியை ஓரங்கட்டினார். பெண்பிள்ளை. உள்ளங்கையில் அடங்கிவிடும்போல அத்தனை சின்னது. முதலில் அழவில்லை. ஐவி வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டினாள். பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். ராக்காயி வாய்விட்டு அழுதாள்.

ஐவி குழந்தையைக் காய்ந்த கம்பளியில் சுற்றி, சுடுதண்ணீர்ப் பைகளுக்கு நடுவே தாயின் மார்போடு வைத்தாள். தகரத்தின் மேல் மழை கல்லாக விழுந்துகொண்டிருந்தது. அவள் பலகையைத் தடவிப் பார்த்தாள், இணைப்பைத் தடவினாள், தலைமாட்டைத் தடவினாள். எல்லாம் காய்ந்திருந்தது. லிந்துலை போய்ச் சேரும்வரை குழந்தையின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அது வெதுவெதுப்பாகவே இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் குழந்தையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் பயமில்லை. பிள்ளை சின்னதுதான், ஆனால் சூடு நல்லா இருக்கு," என்றார்.

ஐவி வெளியே வந்தாள். வண்டியின் படியில் உட்கார்ந்தாள். என்னவென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. சோலைமலை எதிர்க் கடையிலிருந்து பிளேன்டீயும் உளுந்து வடையும் வாங்கிவந்து நீட்டினார்.

"தப்பாக் கேட்டுட்டேனோன்னு இத்தன மாசம் பயந்துகிட்டே இருந்தேன் அண்ணே."

"நான் மட்டும் என்னா மிஸி? வின்ச் கேளுங்கன்னு சொல்லிட்டேன். ஒரு புள்ள குளிருல போனா அந்தப் பழி எந்தலையிலதானேன்னு தூக்கமே இல்ல."

"ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொன்னா நீங்க இன்னும்ல பயப்படுவீங்க."

இருவரும் சிரித்தார்கள். ஐவி அந்த வடையை முடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. ராக்காயி மருமகளோடு தங்கிவிட்டாள். ஐவி பின்னால் ஏறி, கம்பளிகளை மடித்து வைக்கிறேன் என்று சொன்னவள், கட்டிலில் சாய்ந்ததும் அப்படியே தூங்கிப்போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்த சோலைமலை கியரைக் குறைத்து, பள்ளங்களை ஒதுக்கி ஒதுக்கி, மெதுவாக மலையேறினார்.